ஸ்லோ குக்கரில் மாட்டிறைச்சி சாண்ட்விச்: இறைச்சி பிரியுதில்லை, சாறு தண்ணியாய் நிக்குது

குருநகர்க்குசினி கேட்டது:

நத்தாருக்கு 20 பேருக்குச் சூடான மாட்டிறைச்சி சாண்ட்விச் குடுக்க வேணும். ஸ்லோ குக்கர் (கரண்டில ஆறுதலாய் அவிக்கிற மண்சட்டி) 6.5 லீற்றர், லோ (குறைஞ்ச சூடு), ஹை (கூடின சூடு), வார்ம் (வெந்ததைச் சூடாய் வைச்சிருக்கிறது) மூண்டும் இருக்கு. கனடாவில இருந்து வந்தது, அடியில 120 வோல்ட் எண்டு அடிச்சிருக்கு. முதல்ல கொஞ்சமாய்ச் செய்து பாத்தது இப்பிடி: ஒண்டரைக் கிலோ பின்னந்தொடைத் தனி இறைச்சி, கறிக்கு வெட்டுற அளவுத் துண்டுகள், மூண்டு கப் தண்ணி, ரெண்டு மேசைக்கரண்டி வறுத்த கறித்தூள், லோவில 6 மணித்தியாலம். இறைச்சி கடிக்க இறுக்கம். சாறு தண்ணியாய் நிண்டுது, தூளின்ர வாசமும் இல்லை. மென்மையாக்கப் பச்சைப் பப்பாசி போடலாமோ? என்ன பாண் நல்லது? அளவும் நேரமும் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

கிடாரம் எழுதியது:

நேரம் காணாது, அதுதான் முதல் காரணம். இறுகினது கூட வெந்ததால எண்டு நினைச்சு இன்னும் குறைச்சுப் போடாதேங்கோ. 60 பாகை செல்சியஸ் தாண்டத் தசை சுருங்கிச் சாறைக் கக்கும், அந்தக் கட்டத்தில இறைச்சி இறுக்கமாய்த்தான் இருக்கும். தசையைச் சுத்தியிருக்கிற சவ்வு 70 பாகைக்கு மேலதான் மெல்ல மெல்லக் கரைஞ்சு பசையாய் மாறும். துண்டின்ர நடுவில 92 முதல் 95 பாகை வந்து, அந்தச் சூட்டில கொஞ்ச நேரம் நிண்டால்தான் முள்ளுக்கரண்டியைக் குத்தி முறுக்கப் பிரியும். பெரிய துண்டுக்கு லோவில 9, 10 மணித்தியாலம், ஹையில 5, 6. லோவுக்கும் ஹைக்கும் கடைசியில வாற சூடு கிட்டத்தட்ட ஒண்டுதான், போய்ச் சேர எடுக்கிற நேரம்தான் வித்தியாசம்.

அடுத்தது பகுதி. பின்னந்தொடை பார்க்க வடிவு, ஆனால் சவ்வும் கொழுப்பும் குறைவு. நார் பிரிஞ்சாலும் சக்கை மாதிரி இருக்கும். இறைச்சிக்கடையில தோள்பக்கம், கழுத்து, இல்லாட்டி நெஞ்சுப்பக்கம் கேளுங்கோ. கால் தசை ஒரு அரைக் கிலோ கலந்தால் சாறு தானாய்த் தடிக்கும். காலமை அறுத்த இறைச்சியை அண்டைக்கே போடாமல் பிரிட்ஜில ஒரு நாள் மூடி வையுங்கோ. அறுத்தாப் பிறகு விறைக்கிற தசை அதுக்குள்ள இளகத் தொடங்கும்.

கறித்துண்டாய் வெட்டக்கூடாது. நார் ஓடுற திசைக்குக் குறுக்கே 5 சென்ரிமீற்றர் தடிப்பில பலகை பலகையாய் வெட்டுங்கோ. பிரிக்கேக்க நார் அந்த நீளத்துக்கு மேல வராது. நீள நாராய் விட்டால் ஒரு கடியில சாண்ட்விச்சுக்குள்ள இருக்கிறது முழுக்க இழுபட்டு வெளியில வந்திடும். இதைத்தான் கனபேர் கவனிக்கிறதில்லை.

பப்பாசி வேண்டாம். அதில இருக்கிற நொதி சூடு கூடினாப் பிறகுதான் செயலிழக்கும். ஸ்லோ குக்கர் ஆறுதலாய்ச் சூடேறுறதால அது நெடுநேரம் வேலை செய்து, இறைச்சியின்ர வெளிப்பக்கத்தைக் களியாக்கிப் போடும்.

20 பேருக்கு எலும்பில்லாமல் 3 கிலோ எடுங்கோ. வெந்து பிரிச்சாப் பிறகு 1.8 கிலோ அளவில மிஞ்சும், ஆளுக்கு 90 கிராம். தண்ணி ஒரு கப் போதும். மூடி போட்ட குக்கரில ஆவி வெளியேறாது, இறைச்சியும் வெங்காயமும் தங்கட சாறைத் தாங்களே விடும். இடையில மூடியைத் திறந்தால் ஒவ்வொரு முறையும் 20, 30 நிமிசம் கூட்ட வேணும்.

உள்ளிப்பூடு எழுதியது:

கிடாரம் சொன்ன பகுதியும் நேரமும் சரி. நான் வாசத்தைப் பற்றிச் சொல்லுறன். ஸ்லோ குக்கருக்குள்ள 100 பாகைக்கு மேல போகாது, அதால இறைச்சி பொன்னிறமாய்ச் சிவக்கவே மாட்டுது. அந்தச் சுவை வேணுமெண்டால் தாச்சியில எண்ணெய் நல்லாய்க் காய்ஞ்சாப் பிறகு, ஈரம் துடைச்ச துண்டுகளை இடைவெளி விட்டு ஒரு பக்கத்துக்கு 3, 4 நிமிசம் போட்டு எடுங்கோ. நெருக்கிப் போட்டால் தண்ணி விட்டு அவியும், சிவக்காது. அதே தாச்சியில 4 பெரிய வெங்காயம், 12 பல் உள்ளி வதக்கி, 4 மேசைக்கரண்டி வினாகிரியும் அந்த ஒரு கப் தண்ணியும் விட்டு அடியில ஒட்டினதைச் சுரண்டி, எல்லாத்தையும் குக்கருக்குள்ள ஊத்துங்கோ.

கறுவா ஒரு விரல் நீளத் துண்டு, 4 கராம்பு, ஒரு மேசைக்கரண்டி இடிச்ச மிளகு தொடக்கத்திலயே போடலாம். வறுத்த கறித்தூள் 3 கிலோவுக்கு 3 மேசைக்கரண்டி: ஒண்டு தொடக்கத்தில, மிச்சம் ரெண்டும் கடைசி அரை மணித்தியாலத்தில. முழுக்க முதல்லயே போட்டால் வாசம் பறந்து உறைப்பு மட்டும் மிஞ்சும். கறிவேப்பிலையும் கடைசியில. தேங்காய்ப்பால் இதுக்குத் தேவையில்லை. முதல்ல விட்டால் திரைஞ்சு எண்ணெய் பிரியும்.

உப்பு ஒண்டரை மேசைக்கரண்டிக்கு மேல முதல்ல போடாதேங்கோ. வெந்தாப் பிறகு சாறை வடிச்சு, மேல மிதக்கிற கொழுப்பை அகப்பையால எடுத்து, அகலச் சட்டியில பாதியாய் வத்த விட வேணும். வத்த வத்த உப்பும் ஏறும். வத்தின சாறில மூண்டில் ரெண்டு பங்கைப் பிரிச்ச இறைச்சிக்குள்ள ஊத்திப் பிரட்டுங்கோ, மிச்சத்தைத் தொட்டுச் சாப்பிட வையுங்கோ.

வயர்க்கட்டை எழுதியது:

120 வோல்ட் குக்கரை இலங்கையின்ர 230 வோல்ட்டில நேரே செருகினால், அது மூண்டரை மடங்குக்கு மேல மின்சாரம் இழுக்கும். 250 வாட்ஸ் குக்கர் 900 வாட்ஸ் தாண்டும். சுருள் எரியும், மண்சட்டி வெடிக்கும். 230 இல இருந்து 110, 120க்கு இறக்கிற, 500 வாட்ஸ் ட்ரான்ஸ்போமர் வேணும். பத்து மணித்தியாலம் ஓடப்போறதால குக்கரின்ர வாட்ஸுக்கு இரட்டிப்பாய் எடுக்கிறதுதான் புத்தி. தலைமயிர் உலர்த்துறதுக்கு விக்கிற சின்ன இலத்திரன் மாத்தியை இதுக்குப் பாவிக்காதேங்கோ. லண்டனில இருந்து வாற குக்கருக்கு இந்தச் சிக்கல் இல்லை, அந்த 13 அம்பியர் பிளக் இஞ்சயும் பொருந்தும்.

கரண்ட் போனால் என்ன செய்யிறது எண்டும் தெரிஞ்சிருக்க வேணும். குமிழ் திருப்புற குக்கர் கரண்ட் வந்தோடன தானாய்த் தொடங்கும். பட்டன் அமத்துற டிஜிட்டல் குக்கர் பெரும்பாலும் நிண்டபடிதான் நிக்கும். இரவில வைச்சிட்டுப் படுத்தால் இதைக் கவனியுங்கோ. முழுக்க வெந்த இறைச்சி மூடி திறக்காமல் ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள எண்டால் பயமில்லை. அரைவேக்காட்டில நிண்டு, எவ்வளவு நேரம் எண்டும் தெரியாட்டி, கொட்டுறதைத் தவிர வேற வழியில்லை. திரும்பக் கொதிக்க வைச்சாலும் சில கிருமி விட்ட நஞ்சு போகாது. அதே காரணத்துக்காகத்தான் உறைஞ்ச இறைச்சியையும் நேரே போடக்கூடாது. பிரிட்ஜில இளக விட்டுப் போடுங்கோ.

அச்சுப்பாண் எழுதியது:

பாணைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. மெத்தெண்ட பணிஸ் இந்தச் சாறுக்குத் தாங்காது, கையிலயே கரையும். றோஸ் பாண்தான் என்ர தெரிவு. மேல் கீழ் ரெண்டும் மொறுமொறுப்பு, உள்ளுக்கு மெல்லிசு. அண்டு காலமைச் சூளையால வந்ததை வாங்கி, குறுக்கே பிளந்து, உள்பக்கத்தில பட்டர் பூசி, தோசைக்கல்லில ஒரு நிமிசம் வாட்டுங்கோ. பட்டரும் வாட்டலும் சாறு உடன ஊறாமல் தடுக்கும். இறைச்சியைச் சாறில இருந்து இடுக்கியால தூக்கி, ஒருக்கா உதறிப்போட்டு வையுங்கோ.

புளிப்பா ஒண்டு கட்டாயம் வேணும். சிக்காகோவில இத்தாலியன் பீவ் எண்டு விக்கிற சாண்ட்விச்சுக்கு வினாகிரியில ஊறின காய்கறியை மேல போடுவினம். எங்களுக்கு அச்சாறு இருக்கு: சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கரட், கடுகு அரைச்ச வினாகிரி. வடிச்சுப்போட்டு ஆளுக்கு ஒரு மேசைக்கரண்டி. கொழுப்புச் சுவைக்கு அது நல்லா எடுபடும்.

குருநகர்க்குசினி கேட்டது:

எல்லாருக்கும் நன்றி. அப்ப தோள்பக்கமும் கால் தசையும், தண்ணி ஒரு கப். முதல் நாளே சமைச்சு வைக்கலாமோ? நத்தார் அண்டு குசினியில இடமும் இல்லை, நேரமும் இல்லை.

கிடாரம் எழுதியது:

வைக்கலாம், அதுதான் திறம். குளிர்ந்தால் கொழுப்பு மேல கட்டியாய் உறையும், கரண்டியால அப்பிடியே தூக்கலாம். ஆனால் சட்டியோட பிரிட்ஜுக்குள்ள தள்ளாதேங்கோ. தடிச்ச மண்சட்டி மணித்தியாலக் கணக்காய்ச் சூடு பிடிச்சு வைச்சிருக்கும். இறைச்சியைப் பிரிச்சு, சாறோட சேர்த்து, ரெண்டு மூண்டு தட்டையான பாத்திரத்தில 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மேல போகாமல் பரப்பி, ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள உள்ளுக்கு வையுங்கோ. சாறில்லாமல் வைச்சால் காய்ஞ்சு போகும்.

அடுத்த நாள் குக்கரில சூடாக்காதேங்கோ, சூடேற நேரம் எடுக்கும். அடுப்பில அகலச் சட்டியில ஆவி பறக்கக் கொதிக்க வைச்சு, பிறகு குக்கருக்கு மாத்தி வார்மில விடுங்கோ. அதில 60 பாகைக்குக் குறையாமல் நிக்க வேணும். உள்ளிப்பூடு சொன்ன அந்த ரெண்டு கரண்டித் தூளையும் கறிவேப்பிலையையும் முதல் நாள் போடாமல், இந்தச் சூடாக்கிற நேரத்தில போடுங்கோ. வார்மில ரெண்டு மூண்டு மணித்தியாலத்துக்கு மேல விட்டால் நார் கரைஞ்சு கூழாகும், ஆக்கள் வாற நேரத்தைப் பார்த்துத் தொடங்குங்கோ.