பில்ட்-இன் அவனில் (oven) எஃப்3 எரர்: கன்ட்ரோல் போர்டு போச்சா?

காவேரிப்பட்டினம்:
180 டிகிரி வைத்தால் கொஞ்ச நேரத்தில் பீப் அடித்து எஃப்3 காட்டி நின்றுவிடுகிறது. ஆறவிட்டால் மறுபடி ஓடுது. மெக்கானிக் போர்டு மாத்தணும்கிறார். இங்கே வோல்டேஜும் ஏறி இறங்குது, அதனாலயா?

ஓசூர்:
போர்டுக்கு அவசரப்படாதீங்க. எஃப்3-க்கு கம்பெனிக்கு கம்பெனி அர்த்தம் மாறும், மேனுவலைப் பாருங்க. நிறைய மாடல்ல அது டெம்பரேச்சர் சென்சார். சூடானா வந்து, ஆறினா போகுதுன்னா எனக்கு சென்சார், கனெக்டர் மேலதான் சந்தேகம்.

எம்.சி.பி. (மெயின் போர்டு பிரேக்கர் ஸ்விட்ச்) ஆஃப் பண்ணுங்க. அவன் உள்ளே பின்சுவர்ல மேலே சென்சார் பென்சில் மாதிரி நீட்டிக்கிட்டிருக்கும், பெரும்பாலும் ரெண்டு ஸ்க்ரூ. இழுத்து கனெக்டரைக் கழட்டினதும் ஒயர்ல துணி கிளிப் மாட்டிடுங்க. ஓட்டைக்குள்ள நழுவிச்சுன்னா மொத்த அவனையும் வெளியே எடுக்கணும்! மல்டிமீட்டர்ல சென்சாரோட ரெசிஸ்டன்ஸ் பாருங்க. பி.டி.1000 (பிளாட்டினம் சென்சார்) வகைன்னா 25 டிகிரியில சுமார் 1,097 ஓம்ஸ். நுனியை மட்டும் வெந்நீர்ல விடுங்க, டிகிரிக்கு 4 ஓம்ஸ் கிட்ட சீரா ஏறணும். குதிச்சாலோ ஓப்பன் (இணைப்பு அறுந்தது) ஆனாலோ சென்சார் அவுட்.

பாலக்கோடு:
என்.டி.சி.ங்கிற வேற சென்சார் வகைன்னா சூட்டுக்கு ஓம்ஸ் இறங்கும், குழம்பிடாதீங்க. மாடல் நம்பர் சொல்லியே வாங்குங்க. கனெக்டர் பின் கருகியிருந்தா முறுக்கி டேப் சுத்தாதீங்க, உருகிடும். செராமிக் கனெக்டர் போடுங்க.

வோல்டேஜ் குறைஞ்சா பொதுவா இந்த எரர் கோடு வராது, சூடேறத்தான் லேட்டாகும். 230 வோல்ட்டுக்கு 3,000 வாட் ஹீட்டர் 180 வோல்ட்ல சுமார் 1,840 வாட்தான்.

காவேரிப்பட்டினம்:
வெந்நீர்ல 1,180 ஓம்ஸ் வரைக்கும் ஏறி ஓப்பன் ஆயிடுச்சு. சென்சாரே ஆர்டர் போடறேன்.