.22 பிஸ்டலில் ‘டிக்’ சத்தம் மட்டும், தோட்டா வெடிக்கவில்லை

பாளைக்காரன்:
கிளப்பில் .22 ஸ்போர்ட் பிஸ்டல் சுடுகிறேன். மேகசினில் போடும் ஐந்து தோட்டாவில் ஒன்றாவது ‘டிக்’கென்று நின்றுவிடுகிறது, அதையே எடுத்து மறுபடி போட்டால் பெரும்பாலும் வெடிக்கிறது. ஃபயரிங் பின்னை (தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஊசி) தள்ளும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், மாற்று என்கிறார்கள் கூடச் சுடுகிறவர்கள். அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். வேறு என்னவாக இருக்கும் அண்ணாச்சிமாரே?

ஆத்தங்கரை22:
ஸ்பிரிங் இருக்கட்டும், வெடிக்காத தோட்டாவைத் தூக்கிப் போடாமல் பின்பக்கத்தைப் பாருங்கள். .22இல் பற்றவைக்கும் மருந்து தோட்டாவின் பின்பக்க விளிம்புக்குள்தான் இருக்கிறது. ஃபயரிங் பின் அடித்த தடம் ஆழமாக விழுந்தும் வெடிக்கவில்லையென்றால் அந்த இடத்தில் மருந்து சரியாகப் பரவவில்லை என்று சந்தேகப்படலாம், வேறு பெட்டித் தோட்டா போட்டுப் பாருங்கள். மறுபடி போடும்போது விளிம்பில் வேறு இடத்தில் அடி விழுவதால்கூட வெடிக்கும். தடம் லேசாக இருந்தால் பிஸ்டல் பக்கம் வாருங்கள். அப்போதும் நான் முதலில் பார்ப்பது சேம்பரைத்தான், அதாவது குழலில் தோட்டா உட்காரும் அறையை. குண்டின் மேலிருக்கும் மெழுகும் ஈயமும் கரியும் சேர்ந்து உள்ளே படிந்தால் தோட்டா முழுசாக உட்காராது, ஃபயரிங் பின் அடிக்கிற அடி அதை முன்னே தள்ளுவதிலேயே தீர்ந்துபோகும். துடைத்தவுடனே சுட்டாலும் வருகிறதா, நிறையச் சுட்ட பிறகு மட்டும் வருகிறதா?

அம்பைமாமா:
அதற்கு முன் ஒன்று. ‘டிக்’கென்றதும் உடனே ஸ்லைடை இழுக்காதீர்கள் தம்பி, குழல் டார்கெட் பக்கமே இருக்கட்டும், முப்பது விநாடியாவது பொறுங்கள். தாமதித்து வெடிப்பதும் உண்டு. ‘புஸ்’ என்று சத்தம் குறைந்து வந்தால் குண்டு பேரலிலேயே நின்றிருக்கலாம், பார்க்காமல் அடுத்ததைச் சுடக் கூடாது. அப்புறம், ஆடிக் காற்றில் நம்ம பக்கம் பறக்கிற மண்ணுக்கு, ஃபயரிங் பின் ஓடும் துளையில் எண்ணெயைக் கொட்டினால் எல்லாம் சேர்ந்து பசையாகி அதன் அடியைத் தளர்த்திவிடும்.

பாளைக்காரன்:
துடைத்தவுடனே சுட்டாலும் வருகிறது. வேறு பெட்டியிலும் அதேதான். தடம் லேசுதான். சேம்பர் வாயில், ஃபயரிங் பின் அடிக்கும் இடத்தில் நகத்துக்கு ஏதோ தட்டுப்படுகிறது.

ஆத்தங்கரை22:
அப்படியானால் அது பிசிறு. தோட்டா இல்லாமல் டிரை ஃபயர் செய்து செய்து ஃபயரிங் பின் நேராகச் சேம்பர் விளிம்பில் இடித்திருந்தால் இரும்பு நசுங்கி மேலே வரும், தோட்டாவின் விளிம்பு அதன் மேல் ஏறி நிற்கும். புது ஸ்பிரிங் போட்டால் இன்னும் ஓங்கி அடிக்கும், அவ்வளவுதான். அரம் வைத்துத் தேய்க்க வேண்டாம். லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள், பிசிறை அமுக்கிச் சரிசெய்யத் தனிக் கருவி இருக்கிறது. ஃபயரிங் பின்னின் முனையையும் பார்க்கச் சொல்லுங்கள்.