பொருள்: மறு: ‘நர்ஸ் பிராக்டிஷனர்’ - தமிழில் என்ன?

> ‘செவிலியப் பயிற்சியாளர்’ என்று போட்டால் மூலத்துக்கு நெருக்கமாக இருக்குமே?

வணக்கம் ஐயா,

நெருக்கம்தான், ஆனால் வேறொரு ஆளுக்கு. பயிற்சியாளர் என்றால் பயிற்சி கொடுப்பவர். திருப்பிப் போட்டுப் ‘பயிற்சிச் செவிலியர்’ என்றால் இன்னும் மோசம். ‘பயிற்சி மருத்துவர்’ போல, கற்றுக்கொண்டிருப்பவர் ஆகிவிடுவார். போன மாதம் ஒரு நோயாளிக் கையேட்டை மெய்ப்புப் பார்த்தேன். ‘உங்கள் மருந்தின் அளவைப் பயிற்சிச் செவிலியர் மாற்றுவார்’ என்றிருந்தது. இதைப் படித்தவர் மருந்தைத் தொடுவாரா?

உண்மையில் நர்ஸ் பிராக்டிஷனர் என்பவர் அனுபவத்தோடு மேற்படிப்பும் முடித்த செவிலியர். தொண்டை வலி என்று ஒருவர் வந்தால் விளக்கடித்துப் பார்ப்பதும், கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதும், சோதனைக்கு எழுதுவதும், இன்ன நோய் என்று சொல்வதும், மருந்துச்சீட்டில் கையெழுத்திடுவதும் இவரே. 1965இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் செவிலியர் லொரெட்டா ஃபோர்டும் குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரும் இதற்கான முதல் படிப்பைத் தொடங்கினார்கள். அது குழந்தைநலத்துக்கானது.

‘செவிலிய மருத்துவர்’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நோயாளி இவரை மருத்துவர் என்றே நினைத்துவிடுவார். ‘தற்சார்புச் செவிலியர்’? சில இடங்களில் இவர் தனித்து இயங்கலாம். சில இடங்களில் மருத்துவரோடு ஒப்பந்தம் இருந்தால்தான் மருந்து எழுதலாம். சட்டத்துக்குச் சட்டம் மாறுவதைப் பெயரில் பூட்டிவைக்க வேண்டாம்.

மருந்து என்பதன் நான்கு கூறுகளை அடுக்கும் குறள் (950) ‘தீர்ப்பான்’ (நோயைத் தீர்க்கும் மருத்துவர்) வேறு, ‘உழைச்செல்வான்’ (நோயாளியின் பக்கத்திலிருந்து கவனிப்பவர்) வேறு என்று பிரித்து வைக்கிறது. நம் ஆள் உழைச்செல்வானாக இருந்துகொண்டே தீர்ப்பான் வேலையில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டவர். பெயரில் இரண்டும் தெரிய வேண்டும். அதனால் என் பரிந்துரை: பண்டுவச் செவிலியர்.

பண்டுவம் என்றால் சிகிச்சை. ‘சிகிச்சைச் செவிலியர்’ என்றே வைக்கலாம்தான். வேகமாக நாலு தடவை சொல்லிப் பாருங்கள், அப்புறம் பேசலாம். குழந்தைநலப் பண்டுவச் செவிலியர், மனநலப் பண்டுவச் செவிலியர் என்று முன்னொட்டும் சிக்கலில்லாமல் சேர்கிறது. இலங்கை, சிங்கப்பூர் நண்பர்கள் ‘பண்டுவத் தாதி’ என்று மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு குறை உண்டு. எல்லாச் செவிலியரும் சிகிச்சையில் பங்கெடுப்பவர்கள்தானே, இவருக்கு மட்டும் ஏன் அந்த அடைமொழி என்று வார்டில் இருப்பவர்கள் கேட்பார்கள். நியாயம்தான். ‘நோயறி செவிலியர்’ என்று வைத்தால் அந்தச் சிக்கல் தீரும். ஆனால் மருந்து எழுதுவது விட்டுப்போகும். எனக்கு இப்போதைக்குப் பண்டுவம்தான் சரி என்று படுகிறது. குழுவில் செவிலியராக இருப்பவர்கள் சொல்லுங்கள்: உங்கள் பெயர்ப்பட்டையில் இதைக் குத்திக்கொள்வீர்களா?