பட்டாசாலைச் சுவரை எடுத்து, ஆத்தங்குடிக் கல், கரும்பச்சைச் சுவர்: துணிந்து இறங்கலாமா?

திருநகர்_வாசி:
எல்லாருக்கும் வணக்கம். மதுரை திருநகரில் அப்பா 1984இல் கட்டிய வீடு எங்களுடையது, மாடியில் ஒரே ஒரு அறை, மீதி மொட்டைமாடி. தங்கச்சி கல்யாணம் முடிந்த பிறகுதான் வீட்டில் கை வைக்கவே சம்மதம் கிடைத்தது. பட்டாசாலைக்கும் (வீட்டின் முன்கூடம்) பக்கத்து அறைக்கும் நடுவில் நிற்கிற சுவரை எடுத்துவிட்டு ஒரே கூடமாக ஆக்க வேண்டும், தரை முழுக்க ஆத்தங்குடிக் கல் பதிக்க வேண்டும், சுவருக்கு நல்ல கரும்பச்சை அடிக்க வேண்டும், இதுதான் என் ஆசை. காண்ட்ராக்டர் என்னடாவென்றால், "எல்லாரும் ஐவரிதான் சார் அடிக்கிறாங்க, தரைக்கு வெள்ளை டைல்ஸ் போட்ருவோம், நாளைக்கு விக்கப் போனாலும் கேள்வி வராது" என்கிறார். விற்கிற எண்ணமே எங்களுக்குக் கிடையாது. அம்மாவுக்குப் பச்சை என்றாலே வீடு இருண்டு போகும் என்ற பயம், மாமாவுக்கு ஆத்தங்குடிக் கல் என்றால் பழைய காலத்துச் சமாச்சாரம். தினமும் ராத்திரி சாப்பாட்டில் இந்தக் கலர் பஞ்சாயத்துதான் ஓடுகிறது. சுவரை மட்டும் இரண்டு நாளில் தட்டி எடுத்துவிடலாம் என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார், அதில் யாருக்கும் பிரச்சினை இல்லை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், துணிந்து இறங்கலாமா?

கோச்சடை_சிவில்:
தம்பி, நீங்கள் வீட்டில் சண்டை போடுகிற விஷயமும் பயப்பட வேண்டிய விஷயமும் வேறு வேறாக இருக்கின்றன. பச்சை பிடிக்காவிட்டால் ஒரு வாரத்தில் மேலே வேறு கலர் அடித்துவிடலாம். சுவரை அப்படித் திருப்பி வைக்க முடியாது.

1984 வீடு என்றால் பெரும்பாலும் தூண் இருக்காது, சுவர்தான் மேல்தளத்தைத் தாங்கும். அந்த நடுச்சுவரின் கனம் ஒன்பது அங்குலமா நாலரையா என்று முதலில் பாருங்கள், ஆனால் நாலரைதானே என்று விட்டுவிடாதீர்கள், அதன் மேலும் தளம் உட்கார்ந்திருக்கலாம். மாடி அறையின் சுவர் எதன் மேல் வருகிறது என்று மேலே போய் அளந்து பாருங்கள், அதுதான் முக்கியம். இன்னொன்று யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டு அறைக்கும் மேல்தளக் கான்கிரீட் ஒரே ஸ்லாபாக ஓடியிருந்தால், கம்பி அறைகளின் நடுவில் அடிப்பக்கமாகவும் சுவருக்கு மேலே வரும் இடத்தில் மேல்பக்கமாகவும் கட்டியிருப்பார்கள். கீழே இருக்கிற சுவரை உருவிவிட்டால் எந்த இடத்தில் அடிக்கம்பி வேண்டுமோ அந்த இடத்தில் அது போதாமல் போகும். உடனே விழாது, முதலில் தொய்யும், அப்புறம் விரிசல் வரும், மழைக்காலத்தில் அந்த விரிசலில் தண்ணீர் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும்.

எடுக்கவே முடியாது என்று சொல்லவில்லை. சுவரின் இரண்டு பக்கமும் முட்டு கொடுத்து, இரும்பு ஐ-பீம் ஏற்றி, பீமின் இரண்டு முனைக்கும் கான்கிரீட் படுக்கை போட்டு, அப்புறம்தான் சுவரில் கை வைக்க வேண்டும். பீம் எவ்வளவு கனம் என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கணக்குப் போட்டுக் கையெழுத்துப் போட்ட தாளில் தரட்டும், கொத்தனாரின் கை அனுபவத்தில் முடிவு செய்கிற இடம் இது இல்லை. இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் சுவரை நிறுத்திவிட்டு நடுவில் அகலத் திறப்பு வைத்தால் செலவும் குறையும், பார்க்கவும் நன்றாக இருக்கும். "இரண்டு நாளில் தட்டி எடுத்துவிடலாம்" என்று சொல்கிறவரிடம் முட்டு எங்கே, பீம் எங்கே என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள்.

பசுமலை_அக்கா:
தரைக்கு நான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் பட்டாசாலை, சாமி ரூம் இரண்டிலும் ஆத்தங்குடிக் கல்தான், போடுங்கள் தம்பி, யோசிக்கவே வேண்டாம். சித்திரை மாதத்து வெயிலில் மத்தியானம் வெறுங்காலோடு அதில் நடந்து பார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

ஆனால் அது என்ன பொருள் என்று தெரிந்துகொண்டு போடுங்கள். சூளையில் சுடுகிற டைல்ஸ் இல்லை அது. காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடிக்கு நேரில் போனால் செய்வதைப் பார்க்கலாம். கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, பூப்போட்ட அச்சை உள்ளே இறக்கி, கலர் கலந்த சிமெண்டுக் குழம்பை ஒவ்வொரு கட்டத்திலும் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் கோடு கலையாமல் நிற்கும். அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, காய விட்டு, தண்ணீரில் ஊறப் போட்டு எடுப்பார்கள். அந்தப் பளபளப்பு கண்ணாடியில் இருந்து வருவது, மேலே பூசிய பாலிஷ் இல்லை. எல்லாமே கைவேலை என்பதால் ஒரு கல்லுக்கும் இன்னொரு கல்லுக்கும் கலர் லேசாக மாறும். அது குறையாகத் தெரிகிறவர்களுக்கு இந்தத் தரை வேண்டாம். பின்னால் வாங்கினால் அதே கலர் அமையாது, அதனால் உடைசலுக்கும் சேர்த்து முதலிலேயே கூடுதலாக வாங்கி அட்டாலியில் போட்டு வையுங்கள்.

சிமெண்டு என்பதால் ஆசிட் ஆகவே ஆகாது. பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை வேலைக்கு வருகிற அக்கா ஒரு தடவை ஊற்றிவிட்டால் போதும், அந்த இடம் வெளுத்துச் சொரசொரப்பாகிவிடும். புளித்தண்ணீர், எலுமிச்சை சிந்தினாலும் உடனே துடைக்க வேண்டும், அதனால் அடுப்படிக்கு இதைப் போடச் சொல்ல மாட்டேன். வெறும் தண்ணீரில் துடைத்து, அவ்வப்போது இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் போதும். நாள்பட நாள்பட மெருகு ஏறும். வெயில் நேரே அடிக்கிற வெளிவாசலுக்கு வேண்டாம், கலர் மங்கும்.

முக்கியமாக, பெயிண்ட் வேலை எல்லாம் முடிந்த பிறகு தரையைப் போடுங்கள். பெயிண்ட் சொட்டினால் சுரண்டி எடுப்பதற்குள் கல்லின் மெருகும் சேர்ந்து போய்விடும்.

பெயிண்டர்_அனுப்பானடி:
பச்சை பற்றி யாரும் பேசவில்லையே. அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஜன்னல் சின்னதாக இருந்து ஒற்றை டியூப் லைட்டும் இருந்தால் கரும்பச்சை ராத்திரியில் கறுப்பாகத்தான் தெரியும். நடுச்சுவரைத் திறந்தால் அந்தப் பக்கத்து ஜன்னல் வெளிச்சமும் வரும், அப்போது கதையே வேறு. அதனால் கலரை இன்றைக்கு முடிவு செய்யாதீர்கள், சுவர் வேலை முடியட்டும். சின்ன டப்பா வாங்கி, கதவு அகலத்துக்கு இரண்டு இடத்தில் இரண்டு கோட்டிங் அடியுங்கள், ஒன்று ஜன்னலுக்கு எதிரே, இன்னொன்று இருட்டு மூலையில். காலையிலும் மத்தியானமும் விளக்குப் போட்ட பிறகும் அம்மாவையே கூட்டிப் போய்க் காட்டுங்கள். கடையின் கலர் அட்டையில் பார்க்கிற கலர் சுவரில் பெரும்பாலும் இன்னும் அழுத்தமாகத் தெரியும், ஆகவே அட்டையில் பிடித்ததை விட ஒரு படி வெளிர் கலரிலும் ஒரு சாம்பிள் அடியுங்கள்.

அப்புறம் ஒன்று. ஒரே ஒரு சுவருக்கு மட்டும் அடித்து மற்ற மூன்றையும் ஐவரியில் விடுவதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அடித்தால் நாலு சுவரும் அடியுங்கள், மேல்தளம் சுத்த வெள்ளை, நிலையும் கதவும் தேக்கு என்றால் பழைய பெயிண்டைச் சுரண்டிவிட்டு வார்னிஷ். பூப்போட்ட தரையில் எத்தனை கலர் இருக்கிறதோ அதில் ஒரு பச்சையைத்தான் சுவருக்கு எடுக்க வேண்டும், அதற்கு ஒரு கல்லைக் கையோடு பெயிண்ட் கடைக்குக் கொண்டுபோங்கள். வெளிச்சுவருக்கு மட்டும், அதுவும் மேற்குப் பக்கம், அழுத்தமான கலரே வேண்டாம். நம் ஊர் வெயிலை அது அப்படியே வாங்கி ராத்திரி வரைக்கும் உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும்.

திருநகர்_வாசி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இப்போதுதான் மேலே போய் அளந்து பார்த்தேன், மாடி அறையின் ஒரு சுவர் சரியாக அந்த நடுச்சுவரின் மேல்தான் வருகிறது. காண்ட்ராக்டரிடம் வேலையை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டேன், இன்ஜினியரை வரச் சொல்லியிருக்கிறேன். அக்கா, ஒரு சந்தேகம். பழைய மொசைக் தரையின் மேலேயே ஆத்தங்குடிக் கல்லைப் பதிக்கலாமா?

பசுமலை_அக்கா:
வேண்டாம் தம்பி, கொத்தி எடுத்துவிடுங்கள். கல்லே முக்கால் அங்குலத்துக்குக் குறையாது, கலவையும் சேர்ந்தால் தரை நன்றாக உயர்ந்துவிடும். அப்புறம் எல்லாக் கதவையும் அடியில் அறுக்க வேண்டும், அடுப்படிக்கும் பட்டாசாலைக்கும் நடுவில் கால் தடுக்குகிற மாதிரி ஒரு படி வந்து நிற்கும். வயதான அம்மா நடமாடுகிற வீட்டில் அது வேண்டாம்.

கோச்சடை_சிவில்:
கொத்துகிறபோது பீம் வேலை முடிந்து முட்டெல்லாம் எடுத்த பிறகு கொத்தச் சொல்லுங்கள். முட்டு நிற்கிற தரையைக் கொத்தக் கூடாது.