புதுப்பிப்பு: கடுவன் பூனைக்குச் சலம் அடைத்தது, இப்போது சுகம்

திருகோணமலை உவர்மலையில் எங்கள் கடுவன் திடீரென்று சாப்பாட்டை விட்டு, மலசலம் கழிக்கும் மண் தட்டில் குந்திக் குந்தி முக்குகிறான் என்று எழுதியிருந்தேன். பதில் தந்த எல்லாருக்கும் நன்றி. பிழைத்துவிட்டான்.

மலச்சிக்கல் என்றுதான் பலர் நினைத்தீர்கள். "அடிவயிற்றை மெதுவாகத் தொட்டுப் பாருங்கள், இறுகியிருந்தால் விடியும்வரை வைத்திருக்க வேண்டாம்" என்று ஒருவர் சொன்னதுதான் காப்பாற்றியது. தொட்டேன். தோடம்பழம் போலத் திரண்டு கிடந்தது, அவன் அலறினான். (அழுத்தக் கூடாது, சலப்பை வெடிக்கலாம்.) உடனே மிருக வைத்தியரிடம் ஓடினோம். சலக்குழாய் அடைப்பு. கடுவனுக்குக் குழாய் ஒடுக்கம், சலத்தில் உண்டாகும் பொடிப்பளிங்கும் சளியும் சேர்ந்தாலே அடைத்துவிடும். ஓரிரு நாள் விட்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுவிடலாம். மயக்கி, அடைப்பெடுக்க மெல்லிய குழாய் விட்டு, சேலைன் ஏற்றினார்கள்.

எதிர்பாராதது என்னவென்றால், வீட்டுக்கு வந்தவனைப் பார்த்து எங்கள் பெட்டை சீறியது. ஆஸ்பத்திரி மணம்தான் காரணமாம். வேறு அறையில் வைத்து, அவள் படுக்கும் துணியால் அவனைத் துடைத்துவிட்டோம், அப்புறம் சேர்ந்துகொண்டார்கள்.

இப்போது தீனியில் தண்ணீர் கலந்து கொடுக்கிறோம். இந்த அடைப்பு திரும்பவும் வரக்கூடியது. அதனால் சலம் போனதா என்றறிய, மண் தட்டில் ஈரக்கட்டி இருக்கிறதா என்று காலையும் மாலையும் பார்க்கிறேன்.