17 என்று எழுதினேன், 529 ஆகியிருந்தது: பெங்களூரு நண்பர்களின் சர்க்யூட் போர்டு பின் எண் அனுபவங்கள்

பீன்யாவிலிருந்து:

இங்கே ஒரு சின்னப் பட்டறைக்கு ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்ன கம்ப்யூட்டர் போர்டை வைத்து, மோட்டாரை ஆன்-ஆஃப் செய்யும் ரிலே (மின் சுவிட்ச்) பெட்டி செய்து கொடுத்திருந்தேன். ரிலே போர்டு எஸ்.பி. ரோட்டில் வாங்கியது. அதன் வயர் ராஸ்பெர்ரி பையின் 40 பின் வரிசையில் 11-வது பின்னுக்குப் போகிறது. சிப்பைப் பொறுத்தவரை அது ஜிபிஐஓ 17 (ஜிபிஐஓ என்றால் புரோகிராம் வழியே ஆன்-ஆஃப் செய்யக்கூடிய பின்). பின்களை இயக்க உதவும் வயரிங்பை லைப்ரரியில் அதுவே 0. இந்தக் குழப்பம் எனக்குப் பழக்கம்தான். ஸ்கிரிப்டில் 17 என்று எழுதி, சிஸ்எஃப்எஸ் (பின்களை ஃபைல்கள் போல எழுதி இயக்கும் லினக்ஸ் வழி) வழியாக ஓட்டிக்கொண்டிருந்தேன்.

2024-ல் ஓஎஸ் அப்டேட் போட்டோம், அதன் மையமான லினக்ஸ் கர்னல் 6.6 ஆனது. மறுநாள் விடிகாலையில் போன்: "அண்ணா, மோட்டார் எடுக்கல."

ரிலேயை மாற்றினேன், வயரை மாற்றினேன், பவர் சப்ளையையும் மாற்றிப் பார்த்தேன். மதியம்தான் லாக்கைத் திறந்தேன். 17-ஐ எக்ஸ்போர்ட் செய்யும் (அந்தப் பின்னை எனக்குக் கொடு என்று கர்னலிடம் கேட்கும்) இடத்தில் "இன்வேலிட் ஆர்க்யுமெண்ட்", அதாவது தவறான எண் என்ற பிழை. கர்னலின் உள் விவரங்களைக் காட்டும் டீபக்எஃப்எஸ்ஸில் ஜிபிஐஓ பட்டியலைப் பார்த்தால் எண்கள் 512-ல் ஆரம்பிக்கின்றன. 512-ம் 17-ம் சேர்ந்து 529. பின் அதே பின்தான், கர்னல் எண்ணத் தொடங்கும் இடம்தான் நகர்ந்திருக்கிறது.

17-ஐ அழித்து 529 என்று எழுதியிருந்தால் ஐந்து நிமிட வேலை. மனசு வரவில்லை, நாளைக்கு அதுவும் நகரலாம். 2016-ல் கர்னல் 4.8 புது வழியைக் கொண்டுவந்தபோதே சிஸ்எஃப்எஸ் வழியைப் பழையது என்று ஒதுக்கிவிட்டார்கள். நான்தான் மாறாமல் இருந்தேன். போன் வந்த அன்றைக்கே, அந்தப் புது வழியைப் பயன்படுத்தும் லிப்ஜிபிஐஓடி லைப்ரரிக்கு மாறினேன். இந்தச் சிப்பு, அதில் 17-ம் எண் லைன் (பின்) என்று கேட்டால் போதும், அவ்வளவுதான்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து:

எனக்கு நடந்தது டிரைவருக்குள்ளேயே (ஹார்டுவேரை இயக்கும் கர்னல் புரோகிராம்). முன்பு பீகிள்போன் வகை போர்டில் வேலை. அந்தச் சிப்பில் பின்கள் 32, 32 ஆக பேங்க் என்ற குழுக்களில் இருக்கும், பேங்க் எண் 0-ல் தொடங்கும். பேங்க் எண்ணை 32-ஆல் பெருக்கி பின்னைக் கூட்டினால் போதும். பேங்க் 1-ன் 28 என்றால் 60. அடுத்த புராஜெக்ட் ஐ.எம்.எக்ஸ் 6 என்ற வேறு சிப்பு. டச் பேனலை ரீசெட் செய்யும் பின் மூன்றாம் பேங்க்கின் 5. கை பழக்கத்தில் 101 என்று போட்டேன். அங்கே பேங்க் 1-ல் தொடங்குகிறது, சரியான எண் 69. நான் ஆட்டியது நான்காம் பேங்க்கின் 5, டிஸ்ப்ளே பேக்லைட். டிரைவர் ஏறும்போதெல்லாம் திரை அணைந்தது, நாங்கள் இரண்டு நாள் டிஸ்ப்ளேயைச் சந்தேகப்பட்டோம்.

பிறகு கோடிலிருந்து எண்ணையே எடுத்துவிட்டு டிவைஸ் ட்ரீயில் (போர்டில் எது எங்கே இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் ஃபைல்) எழுதினேன். அங்கேயும் ஒரு அடி வாங்கினேன். ஆக்டிவ் லோ (வோல்டேஜ் குறையும்போது வேலை செய்யும் பின்) என்று குறித்துவிட்டால் கோடில் 1 எழுதும்போது பின்னின் வோல்டேஜ் கீழே இறங்கும். பழைய கோடில் ரீசெட் செய்ய 0, விடுவிக்க 1 என்று நானே எழுதிக்கொண்டிருந்ததால் எல்லாம் தலைகீழாகி, டச் சிப்பு ரீசெட்டிலேயே நின்றுவிட்டது. மாற்றுபவர்கள் டிவைஸ் ட்ரீ, கோடு என்று இரண்டு பக்கமும் பாருங்கள்.

அல்சூரிலிருந்து:

பீன்யா அண்ணா, சிப்பு எண்ணையும் நம்பிவிடாதீர்கள். ராஸ்பெர்ரி பை 5-ல் அந்த 40 பின் வரிசையின் ஜிபிஐஓ பின்கள் ஆர்பி1 என்ற தனிச் சிப்பில் இருக்கின்றன. கர்னல் கொடுக்கும் சிப்பு எண்ணில் முதலில் அது ஜிபிஐஓசிப் 4 என்று வந்தது, பிறகு ஒரு கர்னல் அப்டேட்டில் 0 ஆகிவிட்டது. லிப்ஜிபிஐஓடி 2-ல் லைனைப் பெயர் சொல்லியே கூப்பிடலாம். என் போர்டுகளில் டிவைஸ் ட்ரீயில் ஒவ்வொரு லைனுக்கும் பெயர் எழுதி வைக்கிறேன். லைன்களைப் பட்டியலிடும் ஜிபிஐஓஇன்ஃபோ கமாண்டை அடித்தால் எண்ணுக்குப் பக்கத்திலேயே "மோட்டார் ரிலே" என்று வரும்.