டென்பின் பௌலிங்கில் எண்ணெய் அதிகமுள்ள லேனுக்கு எந்தப் பந்து எடுப்பது?

வலதுகை: எங்கள் லீக்கில் இந்த சீசன் எண்ணெயை அள்ளி ஊற்றுகிறார்கள். என்னிடம் இருப்பது ஒரே ஒரு பந்து, 15 பவுண்டு பேர்ல் ரியாக்டிவ் (லேனைப் பிடிக்கும் பிசின் மேலோட்டில் மினுக்குப் பொடி கலந்தது), பளபளவென்று இருக்கும். சாதாரண லேனில் கடைசியில் சடாரென்று திரும்பி பாக்கெட்டுக்குள், அதாவது முதல் பின்னுக்கும் மூன்றாவது பின்னுக்கும் நடுவே, போகும், ஆனால் இதில் கடைசி வரை சறுக்கிக்கொண்டே போய் முதல் பின்னைத் தொடாமல் வலப்பக்கம் கடந்துவிடுகிறது. எனக்கு வேகம் கொஞ்சம் அதிகம், சுழற்சி சுமார்தான். அசிமெட்ரிக் கோர் (உள்ளே சமச்சீரில்லாத எடைக் கரு) உள்ள விலை கூடிய பந்துதான் வாங்க வேண்டுமா? யூரேதேன் (பழைய வகை மேலோடு) போதும் என்றும் ஒருவர் சொல்கிறார்.

உப்புத்தாள்: கோரை அப்புறம் பார்க்கலாம், முதலில் மேல்பரப்பு. பளபளப்பான பந்து எண்ணெயின் மேலேயே மிதந்து போகும். சொரசொரப்பான பந்துதான் எண்ணெயைத் தாண்டி லேனைப் பிடிக்கும். அதனால் சாலிட் ரியாக்டிவ் (மினுக்குப் பொடி கலக்காதது), பாலிஷ் போடாதது, 1000 முதல் 2000 கிரிட்டுக்குள் (தேய்க்கும் தாளின் எண், குறைந்தால் சொரசொரப்பு அதிகம்). பணம் செலவழிக்கும் முன் இருக்கிற பந்தையே 2000-க்குத் தேய்த்துப் பாருங்களேன், பாதிப் பிரச்சினை அதிலேயே தீரலாம்.

மூன்றாம்பின்: யூரேதேன் வேண்டவே வேண்டாம். அது எண்ணெய் குட்டையாகப் போட்ட லேனில் பந்தைக் கட்டுக்குள் வைக்க உதவும், இவ்வளவு எண்ணெயில் ரியாக்டிவ் அளவுக்குப் பிடிக்காது.

எண்ணெய் எவ்வளவு என்பது ஒன்று, எத்தனை அடி வரை போட்டிருக்கிறார்கள் என்பது வேறு. நீளத்தைக் கேட்டீர்களா? நீளத்தில் 31-ஐக் கழித்தால், எண்ணெய் முடிகிற இடத்தில் பந்து வலது ஓரத்திலிருந்து எண்ணி ஏறக்குறைய எத்தனையாவது பலகையில் (லேனின் நெடுக்குப் பட்டையில்) இருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

வலதுகை: 43 அடி என்று போர்டில் ஒட்டியிருக்கிறார்கள். அப்படியென்றால் 12-வது பலகையா? நான் 6, 7 பக்கம் அல்லவா வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறேன்!

மூன்றாம்பின்: அதேதான். லேன் மொத்தம் 60 அடி, எண்ணெய் 43 அடி வரை இருந்தால் பந்து பிடித்துத் திரும்ப மிச்சம் 17 அடிதான். அவ்வளவு வெளியே அனுப்பிவிட்டு எந்தப் பந்தை வாங்கினாலும் திரும்பி வராது. உள்ளே இழுத்து, நேராக விடுங்கள்.

பழையகை: இரண்டு பேர் சொன்னதும் சரி, ஆனால் அந்தப் பேர்ல் பந்தைத் தேய்க்காதீர்கள். நாலு பேர் விளையாட விளையாட எண்ணெய் குறையும், அப்போது சொரசொரப்பான பந்து சீக்கிரமே பிடித்து, பின்னை அடையும்போது சக்தி இல்லாமல் போய்விடும். அந்த நேரத்தில் கையில் எடுக்க பேர்ல் அப்படியே இருக்க வேண்டும்.

புதிதாக வாங்குவதென்றால் சாலிட், ஆர்ஜி (பந்தின் எடை மையத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்ற அளவு) 2.50-ஐ ஒட்டி, டிஃபரென்ஷியல் (ஆர்ஜியின் அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசம்) 0.050 பக்கம். ஆர்ஜி குறைவாக இருந்தால் பந்து சீக்கிரம் சுழலத் தொடங்கும், உங்கள் வேகத்துக்கு அது தேவை. டிஃபரென்ஷியல் அதிகமானால் ஒவ்வொரு சுற்றுக்கும் எண்ணெய் படாத புது இடம் லேனில் படும். அமெரிக்க பௌலிங் அமைப்பான யூஎஸ்பிசியின் உச்சவரம்பே 0.060 தான், அதைத் துரத்த வேண்டாம். அசிமெட்ரிக் கட்டாயமில்லை, சுழற்சி சுமாராக இருப்பவருக்குக் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். துளை போடுபவரிடம் உங்கள் வேகத்தையும் சுழற்சியையும் சொல்லிவிட்டுப் போடச் சொல்லுங்கள், லேஅவுட் (துளைகளின் இடம்) தப்பானால் நல்ல பந்தும் வீண்.

ரியாக்டிவ் பந்து எண்ணெயைக் குடிக்கும். ஒவ்வொரு முறை திரும்பி வந்ததும் துணியால் துடையுங்கள், ஆட்டம் முடிந்ததும் கிளீனர் போடுங்கள். யூஎஸ்பிசி விதிப்படி நடக்கும் லீக் என்றால் ஆட்டத்தின் நடுவே உலர்ந்த துணி மட்டும்தான், தேய்ப்பதும் கூடாது.

உப்புத்தாள்: சரி, இரண்டு பந்து வைத்துக்கொள்ள முடிந்தால் பழையகை சொல்வதுதான் மேல். ஒன்றுதான் என்றால் தேய்த்துவிடுங்கள், பளபளப்பு வேண்டுமென்றால் பிறகு பாலிஷ் போட்டுக்கொள்ளலாம்.

வலதுகை: இந்த வாரம் முதலில் 12-வது பலகையைப் பிடித்துப் பார்க்கிறேன், பந்து வாங்குவது அதற்கப்புறம்.